ஏறுவதற்கு ஒரு நாள் போதும், இறங்க மட்டும் மனம் வராதா?

எந்தப் பொருளின் விலையைக் கேட்டாலும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. டீசல் ஏறிவிட்டது, ரூபாய் மதிப்பு சரிந்துவிட்டது, எங்கோ போர் நடக்கிறது, வரத்து இல்லை. எல்லாம் உண்மையான காரணங்கள்தான், மறுக்கவில்லை. அந்தக் காரணம் தீர்ந்த பிறகும் விலை ஏன் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது? என் வயிற்றெரிச்சல் அதுதான்.

சென்னை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு விலையேற்றம் புதிதல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அப்போது வஞ்சிரத்தை விலை கேட்கவே பயமாக இருக்கும். தடை முடிந்து, ஏலத்தில் கூடை கூடையாக மீன் வந்து விழுந்தால் விலை தானாக இறங்கும். விடியற்காலையில் ஒரு விலை, வெயில் ஏறியதும் வேறு விலை. தக்காளியும் அப்படித்தான். 2023 ஜூலையில் சென்னையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது; அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. வரத்து சீரானதும் இறங்கிவிட்டது.

ஆனால் பாக்கெட்டில் அடைத்த பொருளின் விலையும் பலகையில் எழுதிய விலையும் ஏறினால் ஏறியதுதான். தக்காளியைக் காரணம் காட்டிச் சாப்பாட்டு விலையை ஏற்றிய உணவகங்களில், பிறகு பலகையை அழித்து எழுதிய ஒன்றைக்கூட எங்கள் பகுதியில் நான் பார்க்கவில்லை.

சமையல் எண்ணெய்க் கதையைக் கேளுங்கள். நம் நாட்டுத் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியைப் பூஜ்ஜியத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தினார்கள். பழைய வரியில் வந்த சரக்கு தீரும்வரை விலையை ஏற்ற வேண்டாம் என்று மத்திய அரசே நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. யார் காதில் வாங்கினார்கள்? எங்கள் தெரு மளிகைக் கடையில் அந்த வாரமே ஏறிவிட்டது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், ஆகஸ்டில் அடைத்தது. அச்சிட்ட அதிகபட்ச விலைக்குள்தான் விற்கிறார்கள் என்பதால் சட்டப்படி ஒரு வார்த்தை கேட்க முடியாது. கடைக்காரரைத் திட்டியும் பயனில்லை, அவருக்கே மேலிருந்து ஏற்றித்தான் வருகிறது. 2025 மே இறுதியில் அதே வரியை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். விலை ஏன் இறங்கவில்லை என்றால் வந்த பதில்: "பழைய சரக்கு தீரட்டும்." ஏற்றும்போது பழைய சரக்கு யார் கண்ணிலும் படவில்லையே, இறக்கும்போது மட்டும் எங்கிருந்து வந்தது?

எரிபொருளிலும் இதே அநியாயம். 2020இல் ஊரடங்கால் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை படுத்துவிட்டது. அந்த லாபம் நம் கைக்கு வரவில்லை. மே மாதத்தில் மத்திய அரசு லிட்டருக்குப் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் வரியை ஏற்றி அதை எடுத்துக்கொண்டது. பக்கத்து மணலியில் எங்கள் கண்ணெதிரே கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கிறார்கள். புகையை நாங்கள் சுவாசிக்கிறோம், டேங்கர் லாரிகளுக்கு நடுவே எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். டீசல் ஏறினால் மட்டும் லாரி வாடகை, காய்கறி, ஐஸ் கட்டி என்று அத்தனையும் எங்கள் தலையில் விழுகிறது.

இதில் ஏழைக்குத்தான் பலமான அடி. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. உடனே சந்தைக்கு 26 கிலோ மூட்டை வந்துவிட்டது, அதற்கு வரி இல்லை. மொத்தமாகப் பணம் கொடுக்க முடிந்தவர் தப்பித்துக்கொள்கிறார். அன்றாடக் கூலியில் ஐந்து கிலோ பை வாங்குகிறவர் வரி கட்டுகிறார். இதற்குப் பெயர் நியாயமா?

வரியைக் குறைக்கிறவர்கள், எந்தத் தேதிக்குள் பாக்கெட் விலை எவ்வளவு குறைய வேண்டும் என்றும் சேர்த்தே உத்தரவு போடட்டும். குறைக்காத நிறுவனத்தின் பெயரை வெளியிடட்டும். ஏற்றிய மறுநாளே எங்களிடம் வசூலிக்க முடிகிறது என்றால், இறக்கிய மறுநாளே திருப்பித் தரவும் முடியும்.