விசிறிச் சத்தத்துக்காக டைமர் 0-வைத் தொடாதீர்கள்

கோத்தகிரி காளான் குடிலில் அர்டுயினோ ஊனோ (சிறு கட்டுப்பாட்டு போர்டு) ஓட்டும் விசிறி கீச்சிடுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு, ‘ஊனோவில் டைமர் 0-இன் பிரீஸ்கேலரை 64-லிருந்து 1 ஆக்கினால் போதும், வேறெதுவும் பாதிக்காது’ என்று மேலே ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார். டைமர் என்பது சிப்புக்குள் துடிப்புகளை எண்ணும் கருவி; பிரீஸ்கேலர் அதற்குப் போகும் கடிகாரத் துடிப்பை வகுக்கும் எண். அவர் சொன்னதில் முதல் பாதி சரி. 5, 6-ஆம் பின்களில் பிடபிள்யூஎம் (வேகத்தைக் கட்டுப்படுத்த விட்டுவிட்டு வரும் மின் துடிப்பு) அலைவெண் சுமார் 976 ஹெர்ட்ஸிலிருந்து 62,500-க்கு ஏறும். அது காதுக்குக் கேட்காது.

இரண்டாம் பாதி தவறு, அண்ணா. நேரம் சொல்லும் மில்லிஸ், காத்திருக்க வைக்கும் டிலே என்ற கட்டளைகள் இரண்டும் அதே டைமர் 0-வை நம்பித்தான் ஓடுகின்றன. நேரக் கணக்கு 64 மடங்கு வேகமாகிவிடும். ஒரு நிமிட டிலே ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அதே போர்டில் பத்து நொடி நீர் தூவ வேண்டிய பம்பு கால் நொடி கூட ஓடாது. குழாயில் அழுத்தம் ஏறுவதற்குள் நின்றுவிடும். பம்பை இயக்கும் ரிலே (மின் சுவிட்ச்) ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும், காளான் படுக்கை காயும். பாவம், விசிறியைப் பற்றிக் கேட்டவருக்கு விளைச்சலே போய்விடும்.

விசிறியை 9-ஆம் பின்னுக்கு மாற்றி டைமர் 1-ஐப் பயன்படுத்துங்கள். பேஸ் கரெக்ட் முறை (டைமர் ஏறி இறங்கி எண்ணும்), பிரீஸ்கேலர் 1, உச்ச எண்ணை வைக்கும் ஐசிஆர்1 ரிஜிஸ்டரில் (சிப்பில் எண் எழுதும் இடம்) 320: 16 மெகாஹெர்ட்ஸ் போர்டில் சரியாக 25 கிலோஹெர்ட்ஸ். நான்கு ஒயர் கம்ப்யூட்டர் விசிறிகளுக்கு வேண்டியதும் அதுதான். வேகத்தை ஓசிஆர்1ஏ ரிஜிஸ்டரில் 0 முதல் 320 வரை நேரடியாக எழுதுங்கள். அப்புறம், செர்வோ மோட்டாருக்கான லைப்ரரியும் டைமர் 1-ஐத்தான் எடுத்துக்கொள்ளும். அது இருந்தால் டைமர் 2-இல் பிரீஸ்கேலரை 1 ஆக்கி 3-ஆம் பின்னில் ஓட்டுங்கள், சுமார் 31 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும்.