கடலில் இருக்கிறவனுக்கும் ஓட்டு உண்டு

தேர்தல் நாளில் வேலை காரணமாகச் சொந்த வாக்குச்சாவடிக்குப் போக முடியாதவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர். ஒன்று நான், அரசுப் பள்ளி ஆசிரியை. தேர்தல் பணி என்று வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று என் தம்பி, கன்னியாகுமரி மாவட்டத் தேங்காப்பட்டணத்தில் இருந்து விசைப்படகில் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிறவன். எனக்குத் தபால் ஓட்டு உண்டு, அவனுக்கு இல்லை. இது சரியில்லை என்று எனக்குப் பல வருடமாகத் தோன்றுகிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் என் தபால் ஓட்டைப் பற்றி. 2016 சட்டமன்றத் தேர்தலில் எனக்குப் பக்கத்துத் தொகுதியில் பணி. ஓட்டுச் சீட்டு, அதை வைக்க ஒரு சின்ன உறை, உறுதிமொழிப் படிவம், எல்லாவற்றையும் சேர்த்து வைக்க ஒரு பெரிய உறை என்று ஒரு கட்டு வந்தது. உறுதிமொழிப் படிவத்தில் கெசட்டட் ஆபீசர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அது இல்லாவிட்டால் சின்ன உறையைப் பிரிக்கவே மாட்டார்கள், ஓட்டு தள்ளுபடி. இந்த வேலைகூடப் பெரிதில்லை. என்னை உறுத்தியது வேறு. ஓட்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பலர் வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சங்கத்துக்காரர் ஒருவர், "கொண்டாங்க டீச்சர், நான் மொத்தமா சேத்துருதேன்" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. ஆனால் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சீட்டுகள் உறைக்குள் போகும்வரை யார் யார் பார்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அதே தேர்தலில் ஆரல்வாய்மொழி தாண்டினால் வருகிற ராதாபுரம் தொகுதியில் நடந்ததை நம் பக்கத்து ஆசிரியர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். திமுக வேட்பாளர் அப்பாவு 49 ஓட்டில் அதிமுக வேட்பாளர் இன்பதுரையிடம் தோற்றார். அங்கே 203 தபால் ஓட்டுகள் தள்ளுபடி ஆகியிருந்தன. தலைமையாசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லாது என்பது காரணம். வழக்கு நடந்து, 2019 அக்டோபரில்தான் உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது. அந்த முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஓட்டுப் போட்டவர்கள் எல்லாம் என்னைப் போல மற்றவர்களுக்குத் தேர்தல் நடத்திக் கொடுத்த அரசு ஊழியர்கள். தங்கள் ஓட்டு என்ன ஆனது என்றே அவர்களுக்குத் தெரியாமல் போனது.

நாடாளுமன்றத் தேர்தலில் இந்தப் பாடு இல்லை. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் ஒரே கன்னியாகுமரி மக்களவைத் தொகுதிக்குள் அடங்குவதால், தேர்தல் பணிச் சான்று வாங்கிக்கொண்டு பணி பார்க்கிற சாவடியிலேயே இயந்திரத்தில் ஓட்டுப் போட்டுவிடலாம். 2019-இலும் 2024-இலும் அப்படித்தான் போட்டேன். மறைப்புக்குள் நானும் இயந்திரமும் மட்டும். யாருக்குப் போட்டேன் என்று காட்டும் சீட்டு (விவிபேட்) கண்ணாடிக்குள் ஏழு நொடி நின்று விழுவதைப் பார்த்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. சொல்லப்போனால் 2023-இல் விதியையே மாற்றிவிட்டார்கள். தேர்தல் பணியாளர்கள் இப்போது தபால் ஓட்டை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அவர்களுக்கென்று அமைக்கிற வசதி மையத்திலேயே போட்டு, பெட்டியில் சேர்த்துவிட வேண்டும். ரொம்ப நல்ல மாற்றம்.

வீட்டு ஓட்டையும் பார்த்துவிட்டேன். 2024-இல் 85 வயது தாண்டியவர்களுக்கும், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கினார்கள். மாமிக்காக, வீட்டு ஓட்டு கேட்கிற படிவம் 12டி கொடுத்திருந்தோம். அலுவலர்கள் இரண்டு பேர், ஒரு போலீஸ், வீடியோ எடுக்க ஒரு பையன். மாமி அவர்களுக்குச் சாயா போடச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டார்கள். மேசையில் அட்டை மறைப்பை நிறுத்தி வைத்துவிட்டு, துணைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஒண்ணும் வேண்டாம், நீ அங்கிட்டுப் போ மக்கா" என்று என்னை அடுக்களைக்கு அனுப்பிவிட்டார். அப்புறம் நிதானமாக, ஒவ்வொரு சின்னமாகப் பேனா முனையால் தொட்டுப் பார்த்து வந்து, ஒன்றில் டிக் அடித்து, தானே மடித்து, பசையையும் தானே தடவினார். யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை மகனுக்கும் தெரியாது.

அதனால் தபால் ஓட்டா, நேரடி ஓட்டா என்பது எனக்குப் பெரிய கேள்வியே இல்லை. போடுகிற நேரத்தில் அந்த ஆள் தனியாக இருந்தாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டு மேசையிலும் அதைச் செய்ய முடியும் என்று கண்ணால் பார்த்தேன்.

இனி தம்பி விஷயம். 2024 ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15-இல் இருந்து மீன்பிடித் தடை. அதனால் சின்னமுட்டம் விசைப்படகுகள் கரையில் கிடந்தன, ஆட்களும் ஊரில் இருந்தார்கள். நம் மேற்குக் கடற்கரைக்குத் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும். தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம் படகுகளுக்கு அது தொழில் காலம். ஒரே மாவட்டம், ஒரே மக்களவைத் தொகுதி, ஒரு கரைக்காரன் ஓட்டுப் போடுகிறான், இன்னொரு கரைக்காரன் ஆழ்கடலில் தூண்டில் போட்டுக்கொண்டு கிடக்கிறான். 2019-இல் ஏப்ரல் 18 பெரிய வியாழன். ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தவர்கள் ஓட்டும் போட்டார்கள். திருநாள் ஒத்துவந்தால் ஓட்டு உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்பதெல்லாம் ஒரு ஏற்பாடா?

"ஒரு நாள் கரைக்கு வந்துட்டுப் போகலாமே" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். தூத்தூர் முதல் நீரோடி வரை உள்ள ஊர்க்காரர்களிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். ஒரு தங்கல் பல வாரம். மீனை இறக்குவது பெரும்பாலும் கொச்சியிலோ கர்நாடகத்து மால்பேயிலோ. டீசல், ஐஸ், சாப்பாடு என்று லட்சக்கணக்கில் செலவழித்துப் போன படகைப் பாதியில் திருப்பினால் அந்தக் கடனை யார் அடைப்பது?

இதற்குப் புதுச் சட்டம் கொண்டுவர வேண்டிய அவசியம்கூட இல்லை. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 60-ஆவது பிரிவின்படி, அரசோடு கலந்துபேசி எந்த வகை வாக்காளருக்கும் தபால் ஓட்டு கொடுக்கலாம் என்று தேர்தல் ஆணையம் அறிவிக்க முடியும். முதியோருக்கு வந்தது அந்த வழியில்தான். அத்தியாவசியப் பணியாளர்களுக்கும், ஆணையம் அனுமதித்த பத்திரிகையாளர்களுக்கும் கொடுத்ததும் அப்படித்தான். ஆழ்கடல் மீனவரை ஏன் சேர்க்கக் கூடாது?

வீட்டுக்குச் சீட்டு அனுப்பச் சொல்லவில்லை. கடற்கரை ஊர்களில் படகு உரிமையாளர், சங்கம், ஊர்க் கமிட்டி, உறவு என்று எத்தனையோ நெருக்கடி உண்டு. சீட்டு கையில் வந்தால் 2016-இல் நான் பார்த்ததுதான் அங்கேயும் நடக்கும். எனவே துறைமுகத்திலேயே அலுவலர், மறைப்பு, பெட்டி எல்லாம் உள்ள வாக்கு மையம் வேண்டும். கொச்சியிலும் மால்பேயிலும்கூட வைக்கலாம். காஷ்மீரில் இருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கு ஜம்முவிலும் டெல்லியிலும் சிறப்பு வாக்குச்சாவடி நடத்திக் காட்டியிருக்கிறார்களே.

இதில் ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்ல வேண்டும். 2024-இல் வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாள் மார்ச் 30. அதற்குப் பிறகுதான் ஓட்டுச் சீட்டே அச்சாகும். மார்ச் மாதமே கடலுக்குப் போய்விட்டவன் முன்கூட்டிப் போட முடியாது. ஆனால் ராணுவத்தில் இருப்பவரின் தபால் ஓட்டு, எண்ணிக்கை நாள் காலை 8 மணிக்குள் வந்து சேர்ந்தால் போதும். அந்த முறை எண்ணிக்கை ஜூன் 4. நடுவில் ஆறு வாரத்துக்கு மேல் இருந்தது! மே மாதம் கரையேறியவனுக்கும் ஒரு வழி யோசித்திருக்கலாம்.

வளைகுடாவில் இருக்கிற நம்மவர்கள் கதையும் இதேதான். படிவம் 6ஏ கொடுத்துப் பெயரைச் சேர்க்கலாம், ஆனால் ஓட்டுப் போடப் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

மாவட்டத் தேர்தல் அலுவலருக்கும் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் அனுப்ப ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். பங்குப்பேரவையிலோ (தேவாலயப் பங்கின் நிர்வாகக் குழு) விசைப்படகு சங்கத்திலோ இருப்பவர்கள் சொல்லுங்கள், நகல் தருகிறேன். தேர்தல் தேதி அறிவித்த பிறகு கொடுத்தால் யாருக்கும் படிக்க நேரம் இருக்காது, இப்போதே கொடுக்க வேண்டும்.