அலி – ஃபோர்மன் மோதியது இந்த மைதானத்தில் இல்லை

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவின் 'ஸ்டாட் டே மார்த்தீர்' (தியாகிகள் மைதானம்) கால்பந்து மைதானப் படத்தைப் போட்டு, "1974-ல் முகமது அலி ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்திய இடம்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. அந்த மைதானமே 1994-ல்தான் திறக்கப்பட்டது.

அந்தக் குத்துச்சண்டை நடந்தது அதே ஊரில் உள்ள பழைய மைதானத்தில். பெல்ஜிய ஆட்சிக்காலத்தில் மன்னர் போதுவான் பெயரில் 1952-ல் திறக்கப்பட்டு, சர்வாதிகாரி மொபுட்டு காலத்தில் 'மே 20' மைதானமாகி, இன்று 'டாட்டா ரஃபாயேல்' என்று அழைக்கப்படுகிறது. செப்டம்பரில் நடக்கவேண்டிய போட்டி, பயிற்சியில் ஃபோர்மனின் கண்ணருகே வெட்டுக்காயம் பட்டதால் அக்டோபர் 30-க்குத் தள்ளிப்போனது. அமெரிக்க டிவி நேரத்துக்காக விடிகாலை நாலு மணிக்கு மணியடித்தார்கள். அலி கயிற்றில் சாய்ந்து அடி வாங்கியே ஃபோர்மனைக் களைக்க வைத்து, எட்டாவது சுற்றில் சாய்த்தார். முடிந்த கொஞ்ச நேரத்தில் கொட்டிய மழையில் மைதானம் வெள்ளக்காடானது.

சரி, குழப்பம் எங்கிருந்து? இரண்டும் ஒரே ஊர், இரண்டுக்கும் பெயர் மாறியிருக்கிறது. புதியதும் முதலில் 'கமன்யோலா'தான். மொபுட்டு வீழ்ந்த 1997-ல் தியாகிகள் பெயர் பெற்றது. 1966-ல் அவரது ஆட்சி பகிரங்கமாகத் தூக்கிலிட்ட, முன்னாள் பிரதமர் எவாரிஸ்ட் கிம்பா உள்ளிட்ட நால்வர்தான் அந்தத் தியாகிகள். என்னைக் கேட்டால், குத்துச்சண்டையைவிடக் கனமான வரலாறு இது. பதிவில் அதுதான் விடுபட்டுவிட்டது. காங்கோ தேசிய அணி சொந்த ஊர் ஆட்டங்களை ஆடுவது இந்தப் புதிய மைதானத்தில்தான்.