படம் போட்டுத் தேடும் முன்

இலங்கை மலையகத்தில் விட்டுவந்த உறவுகளைத் தேடும் பதிவுகள் முகநூலில் பெருகிவருகின்றன. ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம், அதன் கீழே தோட்டத்தின் பெயர், தகப்பனார் பெயர், 'தெரிந்தவர்கள் பகிருங்கள்' என்னும் வேண்டுகோள். பொழுது சாய்வதற்குள் அது எத்தனையோ ஊர்களைச் சுற்றிவந்துவிடுகிறது. பகிர்கிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும், பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்லாமல் வைத்திருந்த ஓர் உடன்பிறப்பைத் தேடுவதற்கு இந்த வழி கூடாது என்பது என் உறுதியான கருத்து. எனக்கே அப்படி ஓர் அண்ணன் இருக்கிறார் என்பது சென்ற ஆண்டுதான் தெரிந்தது. தெரிந்த விதத்துக்கும் நான் பொறுப்பேற்று நடத்தும் இளைஞர் குழுவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். அம்மாவும் அண்ணனும், விஷயத்தை முதலில் வாய்திறந்து சொன்ன பாட்டியும் அனுமதி கொடுத்த பிறகே இதை எழுதுகிறேன். அவர்கள் வேண்டாம் என்ற பகுதிகள் இதில் இல்லை.

நீலகிரியின் பந்தலூர் வட்டத்தில், டான்டீ என்னும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்துக் குடியிருப்பு ஒன்றில், ஞாயிறு பிற்பகல்களில் எங்கள் குழு கூடுகிறது. பதினான்கு வயதுப் பள்ளிப் பிள்ளைகள் முதல் கல்லூரி முடித்து வேலை தேடுபவர்கள் வரை வருவார்கள். நான் பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுபவள். முன்பு பொறுப்பில் இருந்தவர் கோயம்புத்தூருக்குக் குடிபோன பிறகு வேறு யாரும் முன்வராததால் இந்த ஊதியமில்லாத வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்புவது, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகப் பையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பையனிடம் ஐடிஐ படிப்பைப் பற்றிப் பேசிப்பார்ப்பது என்றே பெரும்பாலான வாரங்கள் கழியும். மாலை ஐந்து மணிக்குமேல் யாரையும் இருத்திவைக்க முடியாது, தேயிலைக்குள் யானை நிற்கும். ஆடி மழையில் தகரக் கூரையின் கீழ் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அந்த வாரங்களில் குழுவை நடத்துவது கேரம் பலகைதான், நான் அல்ல.

இந்தக் குடியிருப்பில் ஏறத்தாழ எல்லோருமே இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். அங்கே 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-இல் பாதிப்பாதியாக எடுத்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, குடும்ப அட்டையைக் கையில் பிடித்தபடி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. டான்டீ அதிலிருந்து பிறந்ததுதான். ஒப்பந்தத்தில் தலைகளை எண்ணினார்கள். தோட்டங்களிலோ வீடு வீடாக விண்ணப்பம் எழுதினார்கள். ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மருமகன் வீடு இந்தியாவுக்கும், நான்கு கதவு தள்ளி இருந்த மாமனார் வீடு இலங்கைக்கும் எழுதிக்கொடுத்தன. நடுவில் அகப்பட்ட பெண் எந்தப் பக்கம் போவாள் என்பது அந்த வீடுகளின் பழைய மனத்தாங்கல்களைப் பொறுத்தது.

என் தகப்பனாரின் கதை அப்படிப்பட்டது. அவருக்கு அங்கே மணமாகி ஓர் ஆண் குழந்தையும் இருந்தது. மனைவியின் வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதியிருந்தார்கள், மகளை அனுப்பவில்லை. அப்பா தம் பெற்றோருடன் 1972-இல் வந்தார். பின்பு இங்கே என் அம்மாவை மணந்தார். நானும் தம்பியும் பிறந்தோம். 2014-இல் அவர் இறக்கும்வரை எங்களிடம் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

விஷயம் வெளிவந்த வழிதான் இந்தப் பதிவை எழுதத் தூண்டியது. குடியிருப்பின் முதியவர்கள் கப்பலேறி வந்த நினைவுகளைக் கைபேசியில் பதிவுசெய்யும் வேலையைப் பிள்ளைகள் தாமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேசியவருக்கே முதலில் போட்டுக்காட்ட வேண்டும், அவர் நீக்கச் சொல்வதை நீக்கிய பிறகே மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு விதியும் வைத்திருந்தார்கள். அந்த விதியைக் கொண்டுவந்தவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த ஒரு பெண். அவளே தன் அம்மாயியைப் பதிவுசெய்தபோது, என் அப்பாவின் தோட்டத்திலேயே கொழுந்து பறித்த அந்தப் பாட்டி, கப்பலுக்குப் புறப்பட்ட நாளைச் சொல்லிக்கொண்டே வந்து, இன்னாருடைய மகன் தன் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போனதையும் சொல்லிவிட்டார். 'இன்னார்' என் தாத்தா.

அந்தப் பெண்ணும் உடனிருந்த பையனும் அதை நேரே என்னிடம் கொண்டுவரவில்லை. வேறு யாரிடமும் மூச்சு விடவும் இல்லை. பதிவை அம்மாயிக்குப் போட்டுக்காட்டி, இதை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். "அவளோட அம்மா இருக்காள்ல, நான் மொதல்ல அவகிட்ட பேசுறேன்" என்றிருக்கிறார் பாட்டி. பாட்டி என் அம்மாவிடம் பேசினார். அம்மா யோசிக்கக் காலம் கேட்டார். இத்தனையும் நடந்த வாரங்களில் அந்த இரண்டு பிள்ளைகளும் ஞாயிறுதோறும் என் எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு நாள் வேலை முடிந்து வந்த என்னை அடுப்படியில் உட்காரவைத்து, "ஒனக்கு மூத்தவன் ஒருத்தன் அங்க இருக்கான்" என்று அம்மாவே சொன்னார். திருமணத்துக்கு முன்பே அப்பா அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தார். தொடக்க ஆண்டுகளில் அங்கிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. 1983 கலவரத்துக்குப் பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

ஊரார் வாயிலிருந்தோ ஒரு முகநூல் பதிவிலிருந்தோ அறிந்திருந்தால், அம்மா மேல் எனக்கு ஆறாத கோபம் வந்திருக்கும். அவர் வாயாலேயே கேட்டதால் கோபம் வந்தது, தங்கவில்லை. தான் சொல்ல வேண்டியதைத் தானே சொல்லும் வாய்ப்பை அம்மாவுக்கு அந்தப் பிள்ளைகள் விட்டுவைத்திருந்தார்கள்.

தேடுவது என்று முடிவானதும் குழுவில் கருத்து வேறுபாடு எழுந்தது. அம்மாவின் ஒப்புதலோடு மூத்த பிள்ளைகளிடம் நான் சொல்லியிருந்தேன். அப்பாவின் படத்தையும் தோட்டத்தின் பெயரையும் மலையகப் பக்கங்களில் போட்டால் இரண்டு நாளில் ஆள் கிடைத்துவிடும் என்றார்கள் பையன்கள். கிடைத்திருக்கும் என்றே நானும் நம்புகிறேன். என் தம்பியும் அவர்கள் பக்கம்தான். அவர்களுடைய வாதத்தில் கனம் உண்டு: கப்பலில் வந்த தலைமுறை வேகமாக மறைந்துகொண்டிருக்கிறது, அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இன்னும் பத்து ஆண்டுகளில் இருக்கமாட்டார்கள். ஒருவரையொருவர் நன்றாக அறிந்து, கடிதம் எழுதிக்கொண்டிருந்து, போர்க்காலத்தில் முகவரி தொலைத்த அண்ணன் தம்பிகள் படம் போட்டுத் தேடுவதில் எனக்கு மறுப்பே இல்லை. அங்கே மறைக்க எதுவும் இல்லை. எங்கள் நிலை அப்படிப்பட்டதன்று. அவருக்கு எங்களைப் பற்றித் தெரியுமா, அவருடைய மனைவி மக்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார், அவருடைய தாயார் இருக்கிறாரா, இவற்றில் ஒன்றையும் அறியாமல் அவருடைய பிறப்பின் கதையைத் தெருவில் வைக்க எங்களுக்கு என்ன உரிமை?

போரினாலும் பேரிடரினாலும் இடப்பெயர்வினாலும் பிரிந்த குடும்பத்தாரைத் தேடித்தரும் பணியைச் செஞ்சிலுவைச் சங்கம் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. ஆளைக் கண்டுபிடித்த பிறகும், அவர் சம்மதித்தால் மட்டுமே தேடியவரிடம் அவருடைய முகவரியைக் கொடுப்பது அவர்களுடைய நடைமுறை. உலகெங்கும் தேடிப் பழகியவர்களே அவ்வளவு நிதானம் காட்டும்போது, நாம் ஏன் விரல் நுனியில் அவசரப்பட வேண்டும் என்று கேட்டேன். பையன்கள் முழுமனதோடு ஏற்கவில்லை, எதிர்க்கவும் இல்லை.

கல்லூரியில் உயிரியல் படிக்கும் ஒருவன் மரபணுச் சோதனை பற்றிச் சொன்னான். அதைப் பற்றியும் ஒரு சொல். தந்தை ஒருவராயும் தாய் வேறாயும் உள்ள உடன்பிறப்புகளுக்கிடையே சராசரியாக நான்கில் ஒரு பங்கு மரபணு ஒத்திருக்கும். சிற்றப்பனுக்கும் அண்ணன் மகனுக்கும், பாட்டிக்கும் பேத்திக்கும் இடையிலும் அதே அளவுதான். அத்தை மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவரும் எங்களைப் போன்றவர்களிடம் அந்த அளவு இன்னும் கூடுதலாகவும் காட்டும். ஆகவே எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இவர் அண்ணனா, சிற்றப்பாவா என்று முடிவுகட்ட முடியாது. எனக்குப் பாட்டியின் நினைவே போதுமானதாக இருந்தது.

என் அத்தை ஒருவர், "பங்கு கேட்டு வந்துட்டா?" என்று கவலைப்பட்டார். ஓய்வுபெறும் நாளில் கழகத்திடம் திருப்பித் தர வேண்டிய லைன் வீட்டில் எதைப் பங்கு போடுவது என்று அவரிடம் கேட்டேன். பதில் வரவில்லை.

இறுதியில், மலையகத்தில் அட்டன் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூலமாகவே விசாரித்தோம். அவர் எங்களுக்குத் தகவல் எதுவும் தருவதற்கு முன், அண்ணனைத் தனியே சந்தித்து, இந்தியாவிலிருந்து இப்படி ஒரு விசாரணை வந்திருக்கிறது, விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆள் கிடைக்கவில்லை என்று எழுதிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதருக்கு நான் என்றென்றும் கடமைப்பட்டவள். மாதங்கள் கழித்து அண்ணனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. எங்களை 'நீங்கள்' என்றே அழைத்துப் பேசினார். இந்தியாவில் அப்பாவுக்கு வேறு பிள்ளைகள் இருப்பது அவருக்கு இளம் வயதிலேயே தெரியுமாம். அவருடைய தாயார் மறுமணம் செய்துகொண்டார். வளர்த்த தகப்பனாரின் பெயரே அவருடைய பள்ளிச் சான்றிதழிலும் பிள்ளைகளின் பதிவுகளிலும் இருக்கிறது. அவருடைய பிள்ளைகளுக்கு அந்தத் தாத்தாவைத் தவிர வேறொருவர் உண்டு என்பது அதுவரை தெரியாது. நாங்கள் படம் போட்டிருந்தால், அண்ணனுக்கு முன்பே கைபேசியும் கையுமாக இருக்கும் அந்தப் பிள்ளைகளின் கண்ணில்தான் அது பட்டிருக்கும். இப்போது அவரே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அப்பா இறந்த நாளும் திதியும். அனுப்பிவைத்தேன். கொள்ளி வைத்தவன் தம்பி என்பதால், அவனிடம் கேட்டுவிட்டே அனுப்பினேன்.

இளைஞர் குழுக்களை நடத்தும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தன்னார்வலர் பயிற்சிகளில் விளையாட்டு, பேச்சுப் போட்டி, தலைமைப் பண்பு என்று பலவும் சொல்லித்தருகிறார்கள். ஒரு பிள்ளையின் வீட்டு இரகசியம் நம் காதில் விழுந்தால் அதை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. முகாம்களில் குடும்ப மரம் வரையச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. எனக்கு அது என்றுமே பிடித்ததில்லை. அம்மா வளைகுடாவுக்குப் போய்த் திரும்பாத பையனும், தகப்பன் யாரென்று சொல்லப்படாமல் பாட்டியிடம் வளரும் பெண்ணும் பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்த்து வரைவதைக் கண்டபோதே எங்கள் குழுவில் அதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் பேசட்டும், தாங்கள் விரும்பும்போது, தாங்கள் தேர்ந்தெடுத்த ஆளிடம். பொறுப்பாளர் உடனே தீர்வு சொல்லத் துடிக்காமல் இருந்தாலே பாதி வேலை நடந்துவிடும். இதில் என்னைவிட அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் தேர்ந்தவள் என்பதைப் பார்த்துவிட்டேன். முதியவர்களின் பதிவு வேலையை இப்போது அவளிடமே முழுமையாக ஒப்படைத்திருக்கிறேன்.

அண்ணனும் நாங்களும் இப்போது அவ்வப்போது பேசிக்கொள்கிறோம். பேச்சு பெரும்பாலும் மழையையும் கொழுந்து விலையையும் சுற்றியே போகிறது. இரண்டு பக்கமும் தேயிலைதானே. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுவதை அறிந்த நாளிலிருந்து தம்பி உடனே புறப்படலாம் என்கிறான். யாழ்ப்பாணத்துக் கரையிலிருந்து மலைநாட்டுக்கு ஒரு நாள் பயணம் என்பதும் அவனுக்குத் தெரியும். வைகாசியில் அண்ணனின் மூத்த மகளுக்குத் திருமணம். பத்திரிகை வந்தால் எல்லோரும் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். வராவிட்டால் போகக் கூடாது என்கிறேன் நான். தம்பிக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை.