1972 தொடர் ஒருதலைப்பட்சமானதா?

1972 செப்டம்பரில் நடந்த எட்டு ஆட்டத் தொடரில், கனடாவின் முரட்டு ஐஸ் ஹாக்கிக்கு முன்னால் சோவியத்தின் பாஸ் ஆட்டம் எடுபடவே இல்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தொடரைக் கனடா வென்றது உண்மை. ஆனால் சோவியத் பாணி எடுபடவில்லை என்பது சரியல்ல என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

மான்ட்ரியாலில் நடந்த முதல் ஆட்டத்திலேயே சோவியத் அணி 7-3 என வென்றது. பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கப்படும் தட்டையான ரப்பர் வட்டை) எதிரணியின் எல்லைக்குள் அடித்துத் துரத்திச் சென்று, உடலால் மோதி மீட்பதே கனடியர்களின் வழக்கம். சோவியத் வீரர்களோ வழி அடைபட்டால் பின்னால் திருப்பி அனுப்பி, ஐவரும் சேர்ந்து மீண்டும் தாக்குதலைக் கட்டுவார்கள். பயிற்சியாளர் அனத்தோலி தராசோவ் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்த இந்த முறை, என் பார்வையில், கனடியர்களை உண்மையிலேயே திணறடித்தது.

ஐந்து ஆட்டங்கள் முடிந்தபோது சோவியத் மூன்று வெற்றிகளுடன் முன்னிலையில் இருந்தது. மாஸ்கோவில் கடைசி மூன்றையும் தலா ஒரே கோல் வித்தியாசத்தில் வென்றுதான் கனடா தப்பியது. எட்டாவது ஆட்டத்தில் பால் ஹெண்டர்சனின் வெற்றிக் கோல் விழுந்தபோது மீதமிருந்தது 34 விநாடிகள்.

எந்த நம்பகமான பதிவிலும் உள்ள எட்டு ஆட்டங்களின் கோல் கணக்கை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள்: கனடா 31, சோவியத் 32.