ராத்திரி ஃப்ரிட்ஜை நிறுத்தினால் பில் பாதியாகாது

'ராத்திரி ஃப்ரிட்ஜை ஆஃப் செய்தால் கரண்ட் பில் பாதியாகும்' என்று ஒருவர் சொல்லியிருப்பது சரியில்லை, தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். உள்ளே குளிர் போதுமானதும் கம்ப்ரஸர் தானாகவே நின்றுவிடும். நீங்கள் நிறுத்தி வைத்த நேரத்தில் உள்ளே ஏறிய சூட்டையெல்லாம் காலையில் அதுவே மறுபடி வெளியேற்ற வேண்டும் என்பதால் மிச்சமாவது கொஞ்சம்தான், ஆனால் 5 டிகிரிக்கு மேல் போனால் பாலும் மீனும் கெட ஆரம்பிக்கும், மாவு புளித்துவிடும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த விஷப்பரீட்சை எதற்கு? கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள், சூடான குழம்பை ஆறவைத்து உள்ளே வையுங்கள். அப்புறம், உண்மையான மிச்சம் ஃபேனில் இருக்கிறது: 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்தது) தினமும் 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே சுமார் 32 யூனிட் குறையும்.