அஞ்சு பேர்தானே!

சனிக்கிழமைக் கூத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒருத்தர் என்னை "பேஷன்ட் புரோக்கர்" என்று எழுத, அதற்குக் கீழே நாலு பேர் சிரித்து வைத்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மருந்து ஆராய்ச்சிக்கான ஒரு மூட்டுவலிப் படிவம், தமிழில். அது புரிகிறதா என்று அஞ்சு நோயாளிகளிடம் நான் கேட்டுச் சொல்ல வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். ஆள் கிடைக்கவில்லை என்றதும் வந்த யோசனை: "நம்ம ஆபீஸ் ஆளுங்களையே உட்கார வச்சு முடிச்சிடலாமே, அஞ்சு பேர்தானே." நான் முடியாது என்றேன். அவ்வளவுதான் நடந்தது. இதற்குத்தான் நான் ஈகோ பிடித்தவள், வேலையைக் கெடுக்கிறவள்.

அஞ்சு பேர்தான். அதனால்தான் முடியாது என்கிறேன். ஐநூறு பேரிடம் கேட்டு அதில் அஞ்சு பேர் ஆபீஸ் ஆள் என்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். மருத்துவச் செலவு, பலன் பற்றி ஆராயும் இஸ்போர் என்ற சர்வதேச அமைப்பு 2005-ல் படிவ மொழிபெயர்ப்புக்கு வெளியிட்ட வழிமுறையே ஐந்திலிருந்து எட்டு பேர் போதும் என்கிறது. அந்த அஞ்சு பேரும் நோயாளிகள் இல்லை என்றால் அங்கே நடந்தது காக்னிடிவ் டிப்ரீஃபிங் (படிவம் நோயாளிக்குப் புரிகிறதா என்று அவரிடமே கேட்டுப் பார்ப்பது) இல்லை, டீ பிரேக்.

மருந்து ஆராய்ச்சியில் சேருகிறவர் ஒவ்வொரு விசிட்டுக்கும் ஒரு படிவத்தை நிரப்புவார். வலி எவ்வளவு, மாடி ஏற முடிகிறதா, தூக்கம் வருகிறதா. ரத்தப் பரிசோதனையில் தெரியாத சங்கதிகள் எல்லாம் அதில்தான் இருக்கும். "இந்த மருந்து வலியைக் குறைக்கிறது" என்று மருந்துக் குறிப்பில் போட வேண்டுமானால் இப்படிப்பட்ட படிவம் நோயாளிகளுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் காட்டச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. அந்த ஆதாரத்தில் ஒரு துண்டுதான் நாங்கள் செய்கிற வேலை. தமிழ்ப் படிவத்தை நிஜ நோயாளியிடம் கொடுத்து நிரப்பச் சொல்லி, அப்புறம் கேள்வி கேள்வியாக "இதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க, ஏன் இந்த விடை போட்டீங்க" என்று கேட்பது.

சனிக்கிழமைப் படிவம் எது என்று சொல்லக் கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஊரறிந்த ஒன்றைச் சொல்கிறேன். வோமாக் என்று கனடாவில் உருவான மூட்டுத் தேய்மானப் படிவம், மொத்தம் 24 கேள்வி. காரில் ஏறி இறங்கச் சிரமமா, சாக்ஸ் போடச் சிரமமா, பாத்டப்பில் இறங்கச் சிரமமா, டாய்லெட்டில் உட்கார்ந்து எழச் சிரமமா என்றெல்லாம் வரும். நம் ஆபீஸ் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கலும் இருக்காது. கார் இருக்கிறது, சாக்ஸ் இருக்கிறது, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது. பத்து நிமிஷத்தில் டிக் அடித்துவிட்டு "எல்லாம் தெளிவா இருக்கு" என்பார்கள். ரிப்போர்ட்டும் அழகாக வரும். ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு வருகிற, தரையில் குந்தி எழ முடியாத அம்மாவிடம் அதே சாக்ஸ் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "அதுல ஒரு கஷ்டமும் இல்லை" என்பார். ஏனென்றால் போடுவதே இல்லை. அது படிவத்தில் ஆரோக்கியமாகப் பதிவாகும்.

இன்னொன்று. முழங்கால் வலிக்காரர் ஒரு பாட்டி, அஞ்சாவது வரை படித்தவர். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாத வலி என்றால் பத்து. எட்டில் வட்டம் போட்டார். முகத்தில் அவ்வளவு வலி தெரியவில்லை. "ஏம்மா எட்டு?" என்றேன். "போன மாசத்துக்கு இப்ப பரவாயில்லையே கண்ணு, நல்ல மார்க்காவே போடலாம்னு" என்றார். பள்ளிக்கூடத்தில் பத்துக்கு எட்டு எடுத்தால் கெட்டிக்காரி, பூஜ்யம் எடுத்தால் அடி. அவர் கணக்கு சரிதானே? மருந்து வேலை செய்யச் செய்ய அவர் மார்க் ஏறிக்கொண்டே போகும். கம்ப்யூட்டரில் பார்க்கிறவருக்கு வலி ஏறிக்கொண்டே போகும். இதை எந்த ஆபீஸ் ஆள் எனக்குச் சொல்லியிருப்பார்?

"படிக்காதவங்ககிட்ட என்னங்க ஃபீட்பேக் வரும்?" என்று ஒரு மேதாவி கேட்டிருந்தார். இப்போதுதானே சொன்னேன். "டெட்லைன்?" டெட்லைனை நான் போடவில்லை. "ஆபீஸ் ஆளுங்க வீட்டிலும் மூட்டுவலிக்காரங்க இருப்பாங்களே?" இருப்பார்கள், மறுக்கவில்லை. டாக்டர் கைப்பட நோய் உறுதிச் சீட்டு கொண்டு வரட்டும், வயது, படிப்பு எல்லாம் கலந்து இருக்கட்டும், நானே உட்கார்ந்து பேசுகிறேன். அந்தச் சீட்டைக் கேட்டதும்தானே எல்லோரும் பின்வாங்கினார்கள்?

"உங்க பிழைப்புக்குத்தானே பேசுறீங்க?" ஆமாம். பிழைப்புதான். பிழைப்பு என்பதால் பொய் எழுதித் தர வேண்டுமா?

புரோக்கர் என்றவருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாள் என்னோடு ஆஸ்பத்திரி ஓபி (வெளிநோயாளிகள் பிரிவு) வாசலுக்கு வாருங்கள். முதலில் வாட்ச்மேன். அவரைத் தாண்டினால் நர்ஸ். டாக்டரிடம் அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் "அப்புறம் பார்க்கலாம்". அப்புறம் நோயாளி. "ஊசி போடுவீங்களா? எங்க மேல மருந்து டெஸ்ட் பண்ணுவீங்களா?" இல்லம்மா, பேச்சுதான் என்று நான் சொல்வதை அவர் நம்புவதற்குள் டோக்கன் வந்துவிடும், போய்விடுவார். நம்பி உட்கார்ந்தால் மகன் முந்திக்கொள்வான். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொல்றேன் எழுதிக்கோங்க." அவனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுத்தான் அம்மாவின் குரலையே கேட்க முடியும். பல வீடுகளில் அந்த அம்மாவின் வலியைப் பற்றி அவரிடமே யாரும் முழுசாகக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை. அதனால் சில சமயம் படிவத்தில் இல்லாததெல்லாம் பேசுவார்கள், மருமகள் வரைக்கும் போகும். நான் நிறுத்துவதில்லை. அதற்கும் "டைம் வேஸ்ட்" என்று எனக்குக் குறிப்பு வந்திருக்கிறது.

காசு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் புரோக்கர் பட்டம் அதற்காகத்தான். நோயாளிக்குப் பணம் கொடுப்பது லஞ்சமாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறையைப் புரட்டிப் பாருங்கள். பயணச் செலவு, இழந்த கூலி இரண்டையும் ஈடுகட்டலாம், ஆசை காட்டி இழுக்கிற அளவுக்குப் போகக் கூடாது என்கிறது. பூ கட்டி விற்கிற அம்மா எனக்காக முக்கால் மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் அன்றைய வியாபாரம் போச்சு. மீட்டிங்கில் உட்கார உங்களுக்குச் சம்பளம், அவருக்கு மட்டும் "அறிவியலுக்குச் சேவை"யா?

அந்த ஈட்டுத்தொகையை வாங்குவதற்குள் நான் படுகிற பாடு தனி. பான் கார்டு நகல், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், கையெழுத்து ஆதாரில் உள்ளதுபோல் இல்லை என்று திருப்பி அனுப்பல். பெயரே வெளியே வராது என்று சம்மதப் படிவத்தில் எழுதி வாங்கிய அதே ஆளிடம் அக்கவுன்ட்ஸுக்கு இவ்வளவும் வேண்டும். "காசு எப்பம்மா வரும்?" என்று போன் அக்கவுன்ட்ஸுக்கு அடிக்காது, எனக்குத்தான் அடிக்கும். பல தடவை கைக்காசு போட்டுக் கொடுத்திருக்கிறேன். புரோக்கர் கமிஷன் எடுப்பான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கைக்காசு போடுவான் என்று கேள்விப்பட்டதில்லை.

சரி, முடிவாக ஒன்று. அந்த வேலையை வேறு யாரோ வியாழக்கிழமையே முடித்துக் கொடுத்துவிட்டார்களாம். அஞ்சு பேரும் பட்டதாரிகள், அஞ்சு பேருக்கும் எல்லாக் கேள்வியும் புரிந்ததாம். வாழ்த்துகள். இனி என்னைக் கூப்பிடுகிறவர்கள் நோயாளிக்கான பணத்தை முதலில் அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள். நாள் எத்தனை ஆகும் என்பதை ஓபி வாசலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.